துவர்

போத்தனூர் யார்டுக்குத் தெற்கே
தகரம் வேய்ந்த நான்காம் வார்டு.
ஆஸ்பத்திரி ரயில் வந்து நின்றால்
புகையை முந்திக்கொண்டு வாசம் வரும்;
அதை வைத்தே எத்தனை ஸ்ட்ரெச்சர் என்பேன்.
இந்த வேலைக்கு வேறெவரும் வரவில்லை.
ஈரோட்டுத் தோல் ஷாப்பில்
பதினோரு வருஷம் சுண்ணாம்புக் குழியில் நின்றவன் என்றதும்
"மூக்குச் செத்திருக்கும், சேர்த்துக்கோ" என்றார் ஸ்டோர் நாயர்.
பேர் கேட்கவில்லை.

பர்மாவிலிருந்து வந்தவர்களின் கைகள்
வரும்போதே முடிந்துபோயிருந்தன.
கறுத்து, சுருங்கி,
எதையோ பிடித்துவிட்டு விட மறந்தது போல.
ஊட்டிவிடுவேன். பீடி பற்றவைத்து உதட்டில் செருகுவேன்.
தீக்குச்சி உரசும்போது மட்டும்
ஒரு கட்டிலும் அசையாது.

அர்த்தநாரி ரயிலில் வரவில்லை.
சூலூரிலிருந்து லாரியில் வந்தான்.
சென்னிமலைத் தறிக்காரன்;
நூலெல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட
குழித்தறி சும்மா கிடக்க
விமான மைதானத்தில் பீப்பாய் உருட்டப் போனவன்.
ஒரு பீப்பாய் கசிந்திருக்கிறது.
பக்கத்தில் யாரோ வெல்டிங் வைத்திருக்கிறார்கள்.
அவ்வளவுதான் அவனுடைய சண்டை.

கேப்டன் லாகிரி நல்லவர், தூங்காதவர்.
புத்தகத்தில் உள்ளபடி
வலக்கையில் மருந்தைப் பீய்ச்சினார், அடுக்கடுக்காய்.
பழுப்பாகி, கறுப்பாகி, ஓடு கட்டியது.
"டானிக் ஆசிட்" என்றார் நர்ஸிடம்.
எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.
ஆவாரம்பட்டை ஊறிய தொட்டி.
கடுக்காய்.
செத்த மாட்டுக்கு நாங்கள் செய்ததை
மூச்சு விடுகிறவனுக்குச் செய்கிறார்கள்.
துவர் ஏறினால் தோல் அழுகாது. நிஜம்.
துவர் ஏறினால் தோல் இழுக்கும். அதுவும் நிஜம்.
ஆட்டுத்தோலுக்கு நாலு மூலையிலும் ஆணி அடித்து வைப்போம்;
விரலுக்கு எங்கே அடிப்பது?

"சார், சுருங்கிடுமுங்" என்றேன்.
பேசின் தூக்குகிறவன் பேசினால்
எல்லாரும் பேசினைத்தான் பார்க்கிறார்கள்.
இடக்கைக்கு வருமுன் மருந்து தீர்ந்திருந்தது.
காலையில் மதராஸிலிருந்து வரும் என்றார்கள்.

அன்றிரவு பாலக்காட்டுக் கணவாய் முழுக்கத் திறந்து
ஆடிக்காற்று தகரத்தை அடித்தது.
காற்றுப் பட்ட இடமெல்லாம் கத்தினான்.
தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு,
கஞ்சிக்குப் போடும் உப்பில் பாதி போட்டேன்.
இடக்கையைப் பேசினில் இறக்கி
விரல் விரலாய்ப் பிரித்தேன்.
"மடக்குங்க. நீட்டுங்க. நாடா எறியற மாதிரி."
பல்லைக் கடித்தபடியே கேட்டான்:
"எந்த ஊருங் நீங்க?"
சொன்னேன்.
எங்கள் பக்கம் அடுத்துத் தெருவைக் கேட்பார்கள்.
வாயெடுத்தான்.
கை என் கையில் இருந்தது.
கேட்கவில்லை.

காலையில் மருந்து வந்தது.
லாகிரி பேசினைப் பார்த்தார், கையைப் பார்த்தார்,
என்னைப் பார்க்கவில்லை.
"நாளைக்குப் போடலாம்" என்றார்.
மறுநாளும் அதையே சொன்னார்.
நான் தினமும் உப்பு வாங்கிவந்தேன், என் காசில்.

ஐப்பசியில் மேலிடத்துத் தாள் ஒன்று வந்தது.
கைக்கும் முகத்துக்கும் அந்த மருந்து இனி வேண்டாமாம்;
உப்புத் தண்ணீர் போதுமாம்.
நாயர் படித்துக் காட்டினார்.
அதில் என் மூக்கைப் பற்றி ஒன்றுமில்லை.

டிஸ்சார்ஜ் அன்று கைநாட்டு கேட்டார்கள்.
வலக்கட்டைவிரலில் மை தடவி அழுத்தினால்
தாளில் ஒரு கறுப்புப் பொட்டு.
கோடே இல்லை.
கிளார்க் இரண்டு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு
"சரி, போ" என்றான்.

அங்கராக்குப் பித்தான் போட்டுவிட நான் குனிந்தேன்.
வேண்டாமென்று தலையாட்டி
தானே போட ஆரம்பித்தான், இடக்கையால்.
ஐந்து பித்தான்.
நாலாவது நழுவி நழுவிப் போனது.
ஈங்கூர் வண்டி ஊதியது, கிளம்பியது,
கடைசிப் பெட்டியும் சிக்னலைத் தாண்டியது.
அவன் நிமிரவில்லை.
ஐந்தாவதைத் துளையில் நுழைத்துக்கொண்டிருந்தான்.

அடுத்த வண்டி பொழுதோடத்தான்.